சவுக்கு நாற்றங்காலில் நாற்றழுகல் நோய்

கள்ளக்குறிச்சியைச் சுற்றிய ஊர்களிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் சவுக்கு விதைத்த பாத்தி சரிவர முளையாவிடில், விதையையே குறை கூறுவது வழக்கம். விதை பழுதாயினும் பாத்தி வெறுமையாகும். மண்ணிலுள்ள பூஞ்சணம் முளையைக் கொன்றாலும் வெறுமையாகும். இவ்விரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறாகையால், காரணத்தை முதலில் அறிதல் அவசியம்.

நோயின் குறிகள்: இந்நோய் இரு பருவங்களில் தாக்கும். முதலாவது, விதை ஊறியவுடன் மெத்தென்றாகி அழுகும். அல்லது முளை மண்ணுக்குள்ளேயே மடியும். இரண்டாவது, வெளிவந்த நாற்றின் தண்டு மண் மட்டத்தில் நீர்கோத்து, பழுப்பாகி, நூல்போல் மெலிந்து சாயும். சாயும்போது நுனி பசுமையாகவே இருக்கும். இதை வாட்டமென்று எண்ணி மேலும் நீர் விடுவோர் நோயையே வளர்க்கின்றனர். வேர் கெட்டும் பிழைத்த நாற்றுக்கள் மஞ்சளித்துக் குன்றும். நட்டபின் பல மடியும்.

காரணம்: ரைசோக்டோனியா, பியூசேரியம் என்னும் பூஞ்சணங்களும், அவற்றை ஒத்த பித்தியம் என்னும் நுண்ணுயிரும் மண்ணில் வாழ்பவை. பித்தியத்தின் வித்துக்கள் நீரில் நீந்திப் பரவும். நெருங்கிய விதைப்பு, தேங்கும் நீர், மிகுந்த நிழல், மக்காத எரு ஆகியவை இவற்றிற்கு அனுகூலம். குளிர்ந்த மலைகளில் வளரும் பைன் மர நாற்றங்கால்களையும் இந்நோயே அழிக்கின்றது. தண்டு முற்றியபின் அபாயம் குறையும்.

சோதனை: விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னர், ஒரு தட்டில் வறுத்து ஆறிய மணலும் மற்றொன்றில் பாத்தி மண்ணும் இட்டு, ஒரே விதையில் நூறு நூறாக விதைத்து, ஒரே அளவு நீர் தெளிக்கவும். இரண்டிலும் முளைப்பு குன்றினால் விதையே பழுது. மணலில் முளைத்து மண்ணில் மடிந்தால் குற்றம் மண்ணுடையது. சவுக்கு விதையில் பதர் இயல்பாகவே கலந்திருக்குமாதலால், நூறும் முளைக்குமென எதிர்பார்த்தல் கூடாது.

தடுக்கும் முறை:
1. கோடையில் பாத்தியை நனைத்து, நிறமற்ற பாலிதீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி, வெயிலில் காயவிடவும்.
2. பாத்தியை அரை அடி உயர்த்தி, வடிகால் அமைக்கவும்.
3. நன்கு மக்கிய எருவுடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடவும்.
4. விதையைக் கலக்கமாகத் தூவவும்.
5. காலையில் பூவாளியால், மேல்மண் உலர்ந்தால் மட்டுமே நீர் தெளிக்கவும்.

நோய் கண்டவிடத்துச் சாய்ந்த நாற்றுக்களைச் சுற்றுமண்ணோடு அகற்றி, நீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்த நீரை மண் நனைய ஊற்றவும். சாய்ந்தவை மீளா, எஞ்சியவற்றைக் காப்பதே பயன்.

விதை குறித்து முறையீடு எழுமிடத்தில், கிராம அலுவலர்கள் மேற்கூறிய தட்டுச் சோதனையை முதலில் செய்விப்பாராயின், விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் வீண் வழக்கு நேராது.