முறிந்த கால்

டி. கல்லுப்பட்டி மதுரை மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் அமைந்த ஊர். மதுரையினின்று இராசபாளையம் வழியாகக் கொல்லம் செல்லும் பெருஞ்சாலை அவ்வூரினூடே செல்கின்றது. ஆடும் மாடும் நாயும் அச்சாலையைக் கடக்கின்றன. ஊர்திகளோ விரைந்து வருகின்றன. ஆதலின் அங்கே விலங்குகளின் கால் முறிதல் அரிய நிகழ்ச்சியன்று. 1940-இல் அவ்வூரில் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, கால்நடையைச் சிற்றூர்ப் பொருளியலின் நடுவில் வைத்து எண்ணியவர். கறவை ஆட்டின் கால் முறிந்தால் ஏழை வீட்டுக் குழந்தைக்குப் பால் இல்லை.

அவ்வாறு முறிந்தவுடன், "இனி இது தேறாது" என்று ஆட்டை இறைச்சிக்கு விற்றுவிடுவோரும், நாயைத் தெருவில் விட்டுவிடுவோரும் பலர். எலும்பு கல்லன்று, குருதி ஓடும் உயிருள்ள உறுப்பு. முறிந்த இடத்தில் முதலில் குருதி உறையும். பின்னர் அங்கே மென்மையான குருத்தெலும்பு தோன்றும். அதில் சுண்ணச்சத்துப் படிந்து, மரக்கணுப்போலத் தடித்த எலும்பு உண்டாகும். குட்டி நாய்க்கு 3 அல்லது 4 வாரங்களில் கூடும் எலும்பு, வளர்ந்த நாய்க்குக் கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இவ்வேலையை உடலே செய்துகொள்கின்றது. முறிந்த முனைகளை நேர்நிறுத்தி அசையாமல் வைப்பதே மருத்துவர் செய்யும் உதவி.

அடிபட்ட விலங்கு வலி பொறாது வளர்த்தவரையே கடிக்கும், அது நன்றிகேடன்று. நாயின் வாயை மென்துணியால் கட்டிக்கொள்ளலாம். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டலாகாது. பலகையிலேனும், இருவர் இழுத்துப் பிடித்த போர்வையிலேனும் கிடத்தி எடுத்துச் செல்லவேண்டும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருப்பின், அதனை உள்ளே தள்ளாது தூய துணியால் மூடவேண்டும். வீட்டு மாத்திரைகளைக் கொடுத்தல் பெருந்தீங்கு. மக்கள் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் பூனையின் உயிரைக் குடிக்கும்.

சிற்றூர்களில் கட்டுக் கட்டுவோர் மூங்கில் தப்பைகளை அடுக்கி, முட்டை வெண்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசிய துணியால் சுற்றுவர். காய்ந்தபின் அஃது ஓடுபோல் இறுகும். 1852-இல் ஆலந்து நாட்டுப் படை மருத்துவர் மத்தேய்சன் மாவுக்கட்டைப் புகுத்தியபோது கைக்கொண்ட நெறியும் இதுவே அன்றோ! எனினும், முறிந்த இடத்தை மட்டும் இறுக்கினால் எலும்பு உள்ளே அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு மேலும் கீழுமுள்ள மூட்டுகளையும் சேர்த்தே கட்டல் வேண்டும். கட்டு மிக இறுகினாலோ குருதியோட்டம் தடைப்படும். விரல்கள் வீங்கிக் குளிர்ந்து, நாற்றம் எழும். முறிவினால் போகாத கால் கட்டினால் போவதுண்டு. ஆதலின் கட்டிய காலின் விரல்களை நாள்தோறும் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

தொடையெலும்பு முறிவு இக்கட்டுக்கு அடங்காது. அதன் மேல்மூட்டு உடலோடு ஒன்றியிருத்தலே காரணம். எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, எலும்பின் உள்ளே எஃகுக் கம்பி செலுத்தியோ, தகடு பொருத்தியோ சேர்ப்பர். இத்தகைய மருத்துவம் கற்பிக்கும் கால்நடைக் கல்லூரி 1903-இல் சென்னையில் தோன்றியது. 2012-இல் திருநெல்வேலியிலும் ஒன்று தொடங்கப்பெற்றது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆட்டோ ஸ்டேடர் நாய்களுக்கென ஒரு கருவி அமைத்தார். தோலின் வழியே எலும்பில் ஊசிகளைச் செலுத்தி, அவற்றை வெளியே ஒரு தண்டால் பிணைப்பது அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் அதனையே போர்வீரர்க்குப் பயன்படுத்தினர். நாய்க்குச் செய்த மருத்துவம் மனிதனுக்கு உதவிற்று.

பறவையின் நிலை வேறு. சிறகு முறிந்த புறாவின் மார்பைச் சுற்றி இறுகக் கட்டினால் அது மூச்சு முட்டி இறந்துபடும். நம்மைப்போல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் அதற்கு இல்லை. மார்பெலும்பை அசைத்தே அது மூச்சு வாங்குகின்றது. எனவே சிறகை மட்டும் மடக்கி, எட்டு வடிவில் தளரக் கட்டுவர். அதன் எலும்பு ஏறத்தாழ 3 வாரங்களில் கூடிவிடும்.

மருத்துவரின் வேலை ஒரு நாளில் முடியும். வளர்ப்போர் வேலை அதன் பின்னரே தொடங்கும். ஓட்டத்திற்குப் பெயர்பெற்ற இராசபாளையம் நாயை வாரக்கணக்கில் ஓரிடத்தில் இருத்தல் எளிதோ? வலி குறைந்ததும் அது துள்ளும். பாதி கூடிய எலும்பு மீண்டும் முறியும். அந்நாட்களில் அதனைச் சிறு கொட்டிலில் அடைத்து, இயற்கைக் கடனுக்கு மட்டும் கயிற்றில் பிடித்து வெளியே கொணர்வர். வெறும் இறைச்சியே உண்ணும் குட்டிக்குச் சுண்ணச்சத்துப் போதாது. அதன் எலும்பு சிறு குதிப்பிலும் முறியும். இவ்வுணவுக் குறையையும் அக்கொட்டில் நாட்களிலேயே மருத்துவரைக் கேட்டு நீக்கத் தொடங்குவர்.