குலமரமும் எழுதப்படாத பெயர்களும்

மைசூருக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் காணாமல் திரும்புவதில்லை. காவிரி இருபுறமும் சூழ்ந்து ஓடும் அத்தீவில் அரங்கநாதர் கோயிலைக் காண்கின்றனர். திப்பு சுல்தான் வீழ்ந்து கிடந்த இடத்தில் சிறிது நேரம் நிற்கின்றனர். தரியா தௌலத் மாளிகைச் சுவரில், நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780-இல் நடந்த போர் ஓவியமாய்த் தீட்டப்பட்டிருப்பதைக் கண்டு வியக்கின்றனர். அந்த ஊரிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவில் அடிமைகளைக் கொண்டு பயிரிட்ட பண்ணை நாடொன்றில் தோன்றிய குடும்பத்தின் வரலாற்றைத் தேடிச் செல்ல முடியும் என்றால் நண்பர்கள் நம்பத் தயங்குவர். எனினும் அது உண்மை.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வென்ற நாட்டைப் பங்கிட்டு ஒழுங்குபடுத்த, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஐவர் குழு ஒன்றை அமைத்தார். தளபதி ஹாரிஸ், ஆர்தர் வெல்லெஸ்லி, ஹென்றி வெல்லெஸ்லி, பாரி குளோஸ் ஆகிய நால்வருடன் ஐந்தாமவராக இருந்தவர் வில்லியம் கர்க்பாட்ரிக். பாரசீக மொழியை நன்கு கற்றவர். அரண்மனையில் அகப்பட்ட திப்புவின் கடிதங்களுள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1811-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. திப்புவை நாம் இன்று அறிவதில் ஒரு பங்கு, அவரை வென்றவர்களுள் ஒருவரான இம்மனிதர் தெரிந்தெடுத்துத் தந்த கடிதங்களின் வழியே வந்ததாகும்.

இவ்வில்லியத்தின் முன்னோர் யாவர்? குடும்ப வரலாறு தேடுவோர்க்கு முதல் விதி ஒன்று உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும். மகனிலிருந்து தந்தைக்கும் தந்தையிலிருந்து பாட்டனுக்கும் படிப்படியாக ஏற வேண்டும். புகழ் பெற்ற ஒருவரை முன்னோர் என முதலிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கினால், வேண்டிய இடத்தில் வேண்டிய உறவு தானே முளைத்துவிடும்!

வில்லியத்தின் தந்தை கர்னல் ஜேம்ஸ் கர்க்பாட்ரிக். சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றியவர். 'அழகிய கர்னல்' எனப் பெயர் பெற்றவர். அவர் பிறந்தது இங்கிலாந்திலன்று. 1730-ஐ ஒட்டி, அமெரிக்காவின் தென் கரோலினாவில், இன்று சார்ல்ஸ்டன் எனப்படும் நகரையடுத்த பண்ணை ஒன்றில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு மருத்துவர். கரோலினாவில் வாழ்ந்தபோது அவர் பெயர் கில்பாட்ரிக். பின்னர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து கர்க்பாட்ரிக் என மாற்றிக்கொண்டார். ஓரெழுத்தை மட்டும் பற்றிக்கொண்டு தேடுகிறவன் இங்கே வழி தவறிவிடுவான். எனவே பெயரோடு ஊர், தொழில், ஆண்டு, உறவினர் ஆகிய அனைத்தையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதி.

1738-இல் அந்நகரில் பெரியம்மை பரவியது. அதைக் கொண்டுவந்தது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த ஒரு கப்பல். அம்மருத்துவர் தம் குழந்தைகளுள் ஒன்றை நோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர் அம்மைப்பால் குத்தும் முறையை ஏற்று நூற்றுக்கணக்கானோரைக் காக்க முயன்றார். அதைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய துயரம் ஏட்டில் இருக்கிறது. அந்தக் கப்பலின் அடித்தளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி இருந்திருப்பின், அவள் துயரம் எந்த ஏட்டில் இருக்கிறது?

இவ்வினாவே இக்கட்டுரையின் உயிர்நாடி.

தென் கரோலினாவின் செல்வம் நெல்லால் விளைந்தது. நம்மைப் போன்ற நெல் நாட்டார்க்கு அவ்வேலையின் கடுமையைச் சொல்ல வேண்டியதில்லை. சதுப்பு நிலத்தைத் திருத்தி, கரை எழுப்பி, மடை அமைத்து, நீரில் நின்று களை பறித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் பகுதிகளிலிருந்தும் பலர் கொண்டுவரப்பட்டனர். 1708-ஆம் ஆண்டளவிலேயே அந்நாட்டில் வெள்ளையரைவிடக் கறுப்பரே மிகுதி. அங்கே பண்ணை என்றால் அடிமைப் பண்ணை என்றே பொருள்.

1739-இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டே கடுமையான சட்டம் ஒன்று பிறந்தது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பவர் 100 பவுன் தண்டம் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நண்பர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். பண்ணையார் உயில் எழுதினார், கடிதம் எழுதினார், கணக்கு எழுதினார். உழைத்தவன் எழுதுகோலைத் தொடுவதற்கே வழியடைக்கப்பட்டது. அவனுடைய வரலாறு தற்செயலாக மறைந்ததன்று. மறையுமாறு சட்டம் செய்யப்பட்டது.

ஆயினும் அடிமைகள் பதிவுகளில் இல்லாமற் போகவில்லை. இருக்கும் இடந்தான் வேறு. பண்ணையார் இறந்ததும் எழுதப்பட்ட சொத்துப் பட்டியலில், மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே, விலையோடு இருக்கின்றனர். ஓடிப்போனவனைப் பிடித்துத் தருமாறு கேட்கும் நாளிதழ் விளம்பரத்தில், உடலிலுள்ள தழும்பின் அடையாளத்தோடு இருக்கின்றனர். 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்கக் குடிக்கணக்கில் உடையவர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் என மூன்று குறிப்புகளோடு இருக்கின்றனர். பெயர் பெரும்பாலும் இல்லை. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டனர். தம் முன்னோரைத் தேடும் கறுப்பின மக்கள் இன்றும் 1870 என்னும் சுவரில் முட்டி நிற்பதுண்டு. அதனைத் தாண்டுவதற்கு அவர்கள் நாட வேண்டியவை, முன்னோரை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் தாள்கள். அடிமை உடையவரின் குடும்ப வரலாற்றை ஆராய்வது அக்குடும்பத்தின் பெருமைக்காக அன்று, பிறருடைய பெயர்களை மீட்பதற்காகவே என்பது இதனால் விளங்கும்.

இது நமக்குத் தொலைவான செய்தியோ? அன்று. 1635-இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்னும் பண்ணையார், தாம் வரவழைத்த ஆட்களின் பட்டியலைக் காட்டி நிலம் பெற்றார். ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் என்பது அந்நாட்டு முறை. அப்பட்டியலில் ஒருவன் பெயர் டோனி. 'கிழக்கிந்தியன்' என்ற குறிப்பும் உடன் உள்ளது. ஊரில்லை; தாய் தந்தை பெயரில்லை. டோனி என்பது அவனுக்குத் தாய் இட்ட பெயராகவும் இராது. ஓர் இந்தியனுடைய வாழ்வு 50 ஏக்கர் நிலத்துக்குரிய சான்றாக மட்டும் எஞ்சியிருக்கிறது.

நம் நாட்டின் கணக்கையும் நேர்மையோடு பார்த்தல் வேண்டும். சுந்தரர் வரலாற்றில் கிழ வேதியராக வந்த இறைவன் ஆளோலை காட்டி வழக்காடினார் எனப் படிக்கிறோம். ஆளை எழுதி வாங்கும் ஓலை அக்காலத்தார்க்குத் தெரிந்த பொருளாக இருந்தமையால்தான் அக்கதை நடக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஆள் விற்ற செய்திகள் உள்ளன. 17-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டைக் கம்பெனியார் தம் கப்பல்களில் இங்கிருந்து அடிமைகளை ஏற்றினர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் குடகிலிருந்தும் மங்களூர்ப் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டனர். இந்தியாவில் அடிமை உரிமைக்குச் சட்டத்தின் துணை 1843-இல்தான் நீக்கப்பட்டது. பிறர் வீட்டுக் குறையைக் காட்டும் விரல் நம் வீட்டையும் காட்டத் தவறலாகாது.

நிற்க. கர்க்பாட்ரிக் குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். அழகிய கர்னலின் மற்றொரு மகன் ஜேம்ஸ் அகில்லஸ், 1764-இல் சென்னையில் பிறந்தவர். ஐதராபாத்தில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்தார். அங்கே உயர்குடிப் பெண்ணாகிய கைருன்னிஸாவை மணந்தார். அவர்களுக்கு இரண்டு குழந்தைகள்: சாகிப் ஆலம், சாகிப் பேகம். 1805-இல் குழந்தைகள் இருவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அதே ஆண்டு தந்தை கல்கத்தாவில் இறந்தார். பிள்ளைகள் வில்லியம் ஜார்ஜ், கேதரின் என்று புதுப்பெயர் பெற்றனர். அவர்களைத் தம் இல்லத்தில் வளர்த்த பாட்டனார் யார் தெரியுமா? கரோலினாப் பண்ணையில் பிறந்த அந்த அழகிய கர்னலே! தாய் கைருன்னிஸா 1813-இல் இறந்தார். பெற்ற மக்களை மறுபடி காணவேயில்லை. நெடுங்காலம் கழித்து, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கேதரினுக்கும் ஐதராபாத்தில் உயிரோடிருந்த தாய்வழிப் பாட்டிக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பாட்டி பாரசீகத்தில் எழுதுவிப்பார். பேத்தி ஆங்கிலத்தில் எழுதுவாள். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. இருவரும் நேரில் சந்திக்கவும் இயலவில்லை.

இக்கடிதங்களைப் படிப்போர் கண் கலங்குவர். ஆனால் அவை நமக்குக் கிடைத்ததன் காரணம் ஒன்றே: பாட்டிக்கு எழுதுவிக்க ஆள் இருந்தது, பேத்திக்குக் கல்வி இருந்தது. கரோலினாவில் தாயைப் பிரித்து விற்கப்பட்ட குழந்தைக்கு இவ்விரண்டும் இல்லை. பிரிவு ஒன்றே, பதிவு ஒன்றன்று.

குலமரம் வரைதல் இன்று எளிதாகிவிட்டது. இருந்த இடத்திலிருந்தே அயல்நாட்டு ஆவணங்களைப் படிக்கலாம். மாணவர்கள் அம்முயற்சியில் இறங்குவது நன்று. இறங்குவோர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவரிடம் பாட்டன் பெயரைக் கேளுங்கள். பாட்டியின் தாய் பெயரையும் கேளுங்கள். உங்கள் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் குடும்பத்தின் பெயரையும் கேளுங்கள். உங்கள் முன்னோரே பிறர் நிலத்தில் உழைத்தவராயின், நினைவிலுள்ள பெயர்களை இன்றே ஏட்டில் எழுதிவையுங்கள். பத்திரம் பேசாத இடத்தில் நினைவே சான்று. அதனை உடைய முதியவர் மறைந்தால் சான்றும் மறையும்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வென்றோர்க்கும் தோற்றோர்க்கும் கல் நாட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை அங்கே செல்லும்போது, கல் இல்லாதவர்களையும் ஒரு கணம் நினைப்போமாக.