இரண்டு துறைக்கு நடுவே ஒரு வேலை

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஜி.எஸ்.ஐ. என்ற அணுக்கரு ஆய்வு மையம் இருக்கிறது. 1994இல் 110ஆம் தனிமத்தைக் கண்டறிந்து அதற்கு ஊரின் பெயரையே வைத்தது இந்த மையம்தான். அணுக்களை மோதவிடும் இதே வளாகத்தில் 1997 முதல் 2008 வரை சுமார் 440 புற்றுநோயாளிகள் கார்பன் அயனிக் கற்றையால் சிகிச்சை பெற்றார்கள். இயற்பியலையும் மருத்துவத்தையும் இணைத்தவர்கள் செய்ததில் உங்கள் வேலைக்கும் பாடம் உண்டு.

1. அடுத்த துறையின் வலியிலிருந்து தொடங்குங்கள். மூளைத்தண்டை ஒட்டிய கட்டியை, மூளைத்தண்டைக் காயப்படுத்தாமல் அழிக்க வேண்டும். இது மருத்துவரின் தேவை. கார்பன் அயனி போகும் வழியில் கொஞ்சமாகவும், நிற்கும் இடத்தில் மிகுதியாகவும் ஆற்றலை இறக்கும். இது இயற்பியலாளருக்குத் தெரிந்த உண்மை. தேவை முன்னால் நின்றதால்தான் உண்மைக்குப் பயன் கிடைத்தது. "என்னிடம் இந்தக் கருவி இருக்கிறது" என்று பேச்சைத் தொடங்காதீர்கள். "உங்களுக்கு எது முடியாமல் இருக்கிறது?" என்று கேளுங்கள்.

2. அவர்களுடைய அளவைக் கற்றுக்கொள்ளுங்கள். அயனிகளை வேகப்படுத்தும் முடுக்கியை இயக்குபவர் கற்றையின் ஆற்றலைப் பற்றிப் பேசுவார். மருத்துவருக்கு வேண்டியது திசு ஏற்கும் கதிர் அளவு. நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொன்னவர்கள் உயிர் இயற்பியலாளர்கள். அடுத்த துறையின் அடிப்படைச் சொற்களில் இருபதையாவது, அவர்கள் புழங்கும் பொருளிலேயே எழுதிவைத்துப் படியுங்கள்.

3. இருவரும் நம்பும் சோதனையை வையுங்கள். கற்றை உடலுக்குள் எங்கே நின்றது என்பதை ஜி.எஸ்.ஐ.யில் சிகிச்சையின்போதே பெட் (PET) என்ற படமெடுக்கும் கருவியால் பார்த்தார்கள். இரு தரப்பும் அந்தப் படத்தைப் பார்த்துச் சரிபார்க்க முடிந்தது. உங்கள் திட்டத்திலும் இரு தரப்பும் ஏற்கும் ஒரு அளவுகோலை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள்.

4. சிறிதாகச் செய்து, உரியவரிடம் ஒப்படையுங்கள். ஆய்வுக்கூடம் மருத்துவமனையாகவே தங்கிவிடவில்லை. அங்கே பக்குவப்பட்ட முறை, 2009இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சை மையமாக எழுந்தது.

எல்லாம் தெரிந்தவராக வேண்டியதில்லை. உங்கள் துறையில் ஆழம், அடுத்த துறையில் அடக்கம், இரண்டும் போதும். இந்த வாரமே வேறு துறைக்காரர் ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய தீராத சிக்கலைக் கேட்டுவிட்டு வாருங்கள்.