ஓடும் தூரத்துக்கு ஓர் ஆணி

தெருவில் பெயின்ட்டால் போட்ட கிலோமீட்டர் கோட்டுக்கு அடுத்த தார் போடும் வரைதான் ஆயுள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓடுபவர்கள் (ஜி.எஸ்.டி. சாலையை விடுங்கள், அது லாரிகளுக்கு) உட்தெருவில் தூரம் அளந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, ஓரத்துக் கான்கிரீட்டில் வாஷர் கோத்த கான்கிரீட் ஆணியைத் தரை மட்டமாக அடியுங்கள். தாரில் அடித்தால் வெயிலில் இளகி ஆணி நகரும்.

ஆணி மண்ணில் மறைந்தாலும் இடம் கிடைக்க வேண்டுமே? சிறுபாலத்துச் சுவர் மூலை, பள்ளிச் சுற்றுச்சுவர்த் தூண் என எளிதில் நகராத இரண்டு இடங்களிலிருந்து ஆணிக்கு உள்ள தூரத்தைச் சென்டிமீட்டர் வரை குறித்து, போட்டோவோடு வையுங்கள். பின்னாளில் டேப்பால் இரண்டு வில் வரைந்தால், தெருப் பக்கம் அவை வெட்டும் புள்ளிதான் இடம். மின்கம்பத்தை நம்பாதீர்கள்; சாலையை அகலப்படுத்தினால் முதலில் இடம் மாறுவது அதுதான். பாடலாத்ரி நரசிம்மர் கோயில் குன்றின் பாறையில் ஆணி வேண்டவே வேண்டாம்.

அளக்கும்போது வெப்பத்தையும் கவனியுங்கள். 1802-ல் பரங்கிமலை அருகே நில அளவைக்காகச் சுமார் ஏழரை மைல் நீள அடிப்படைக் கோட்டை அளந்த நில அளவையாளர் லாம்டன், எஃகுச் சங்கிலி வெப்பத்தில் நீள்வதையும் கணக்கில் சேர்த்தார். நம் ஸ்டீல் டேப் பொதுவாக 20 டிகிரிக்குச் செய்தது. 40 டிகிரி வெயிலில் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஆகவே விடியலில் அளந்துகொள்ளுங்கள். சாலைப் பந்தயங்களில், தூரம் குறைந்துவிடாமலிருக்கக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூட்டி அளப்பார்கள். ஆணி அடிக்கும் முன்பே அதையும் சேர்த்துவிடுங்கள்.