வலி மாத்திரையும் இரைப்பையும்

பாவு நூலுக்கு நாம் கஞ்சி போடுவது ஏன்? தறியின் உராய்வில் இழை அறுந்துவிடக் கூடாது என்பதற்காகவே. இத்தகைய காப்பு நம் வயிற்றினுள்ளும் உண்டு. அதனை அறிந்து பேணுவது நெசவாளருக்கும் உழவருக்கும் இன்றியமையாதது.

உண்ணும் சோறு வாயில் அரைபட்டு உமிழ்நீரோடு கலக்கும்போதே மாவுப்பொருளின் செரிமானம் தொடங்குகிறது. பின்னர் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக அது இரைப்பையை அடைகிறது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் சுரந்து, பருப்பு, மீன், முட்டை முதலியவற்றின் புரதத்தைச் சிதைக்கின்றன. கூழாகிச் சிறுகுடலுக்குச் செல்லும் உணவோடு கல்லீரலின் பித்தநீரும் கணைய நீரும் சேருகின்றன. சத்துக்கள் அங்கே உறிஞ்சப்படுகின்றன. எஞ்சிய நீரில் பெரும்பகுதியைப் பெருங்குடல் ஈர்த்துக்கொள்கிறது.

புரதத்தைச் சிதைக்கும் நீர், தசையாலான இரைப்பையைச் சிதைக்காதிருப்பது எங்ஙனம்? பாவின்மேற் கஞ்சி போல, அதன் உட்சுவரைச் சளிப்படலம் போர்த்திக் காக்கிறது. இப்படலம் குறைவின்றிச் சுரக்கப் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வேண்டும். வலியை உண்டாக்குவதிலும் அப்பொருளுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினார். ஆகவே, வலி தணியும்போதே வயிற்றின் காப்பும் குறைகிறது.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், இடுப்பு வலிக்கென டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தாமே கடையில் வாங்கி, நாள்தோறும் தேநீரோடு விழுங்கிவிட்டுக் குழித்தறியில் அமரும் உறுப்பினர்களைக் காண்கிறோம். வயிறு எரிந்தால் அவர்கள் மிளகாயைப் பழிக்கிறார்கள். குடற்புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று இம்மாத்திரைகள், மற்றொன்று, 1982-ல் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. இக்கண்டுபிடிப்புக்காக அவ்விருவரும் 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். அக்கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

உண்டபின் விழுங்கினால் தீங்கே இல்லை என்று எண்ணுவதும் தவறு. மாத்திரை இரத்தத்திற் கலந்தும் காப்பைக் குறைக்கிறது. மலம் தார் போலக் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் ஒரு வேளையும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை, குறிப்பாக இதய நோய்க்கு உரியதை, அவரைக் கேளாமல் நிறுத்துவதும் கூடாது.

நெடுநேரம் ஒரே நிலையில் அமராமல், இடையிடையே எழுந்து நடப்பது இடுப்புக்கு நலம். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்ற நாம் துணிவதில்லை. வயிற்றின் காப்பிலும் அந்த எச்சரிக்கை நமக்கு இருத்தல் வேண்டும்.