மகப்பேறும் எச்.ஐ.வி.யுடன் வாழும் மகளிரும்

மகவை ஈனுதலை 'மகப்பேறு' என வழங்குவது நம் மொழி. பேறு என்பது பெறத்தக்க செல்வம். அச்செல்வத்தை விரும்பும் உரிமை எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்ணுக்கும் உண்டா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதன்பின், தொற்றுடைய பெண் கருவுற்றால் 'கலைத்துவிடு, அறுவை செய்துகொள்' என்பதே பலர் கேட்ட அறிவுரை. அன்றைய அச்சத்திற்குக் காரணம் இருந்தது. மருந்தில்லாதபோது தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை ஆகும். 1994இல் வெளியான அமெரிக்க-பிரெஞ்சு ஆய்வில், சிடோவுடின் என்னும் மருந்து அவ்வாய்ப்பை 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 ஆகக் குறைத்தது. இன்று கூட்டு மருந்தைத் தவறாது உண்டு, குழந்தைக்கும் மருந்தளித்தால், அது 5 விழுக்காட்டிற்கும் கீழாகும். இம்மருந்தை 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகள் விலையின்றி வழங்கத் தொடங்கின.

எனினும் காலம் அறிந்து கருவுறல் வேண்டும். இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத நிலைக்குக் குறைந்தபின் கருவுறுவதே தாய்க்கும் சேய்க்கும் நலம். அதுவரையும், பிள்ளை வேண்டாதவர்க்கு எப்போதும், கருத்தடை துணைநிற்கும். இங்கு ஒரு தெளிவு தேவை. கருத்தடை அறுவையும் காப்பர்-டியும் கருவைத் தடுக்குமேயன்றித் தொற்றைத் தடுக்கா. இரண்டையும் தடுக்க ஆணுறை உதவும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கும். ஆதலின், உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

பிள்ளையில்லாதவளை ஒரு சொல்லால் சுடும் ஊர், தொற்றுடையவள் பிள்ளை பெற்றால் மற்றொரு சொல்லால் சுடுகிறது. கணவனிடமிருந்து தொற்றுப் பெற்றவளும் இப்பழிக்குத் தப்புவதில்லை. தொற்றை வெளியிட அஞ்சும் மருமகள், 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்னும் கேள்விக்கு யாது விடை கூறுவாள்?

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், கருவுற்ற தொற்றுடைய பெண்ணுக்கு அவள் அறிந்து அளிக்கும் இசைவின்றிக் கருக்கலைப்போ கருத்தடை அறுவையோ செய்தலாகாது என விதித்துள்ளது. பெறுவதும் பெறாமையும் அவள் தேர்வே. அத்தேர்வுக்கு வேண்டும் அறிவை அவளுக்கு அளிப்பது மருத்துவர் கடன். அவள் தேர்ந்ததைப் பழியாதிருத்தல் மாணவர், ஆசிரியர், பெரியோர் ஆகிய நம் அனைவர்க்கும் கடன்.