நாடு கடந்த ரபாப் இசை

முசுக்கட்டை மரத்தின் தண்டைக் குடைந்து ரபாப் என்னும் நரம்புக்கருவி செய்யப்படுகிறது. குடைந்த பகுதியின் மேல் தோல் போர்த்தப்படும். வாசிப்பவர் மீட்டுகின்ற முதன்மைத் தந்திகள் மூன்றே. அவற்றின் அருகே ஓடும் மெல்லிய உலோகத் தந்திகள் பல, உடன் அதிர்ந்து ஒலிக்கும். ஆப்கானிய மக்கள் இக்கருவியைத் தம் நாட்டின் அடையாளமாகப் போற்றுகின்றனர். நம் நாட்டுச் சரோத், இதன் வழித்தோன்றல் என்பது இசையறிஞர் பலரின் கருத்து.

இரு நாட்டு இசையின் உறவு இத்துடன் முடியவில்லை. 1860களில் அமீர் ஷேர் அலி கான் இந்தியாவிலிருந்து இசைவாணர்களைக் காபூல் அரசவைக்கு வரவழைத்தார். அவர்கள் குடியேறிய காராபாத் என்னும் பகுதி, பின்னர் இசைக்குடும்பங்களின் தெருவாகவே விளங்கியது. ஆப்கானிய இசையின் தந்தை எனப் புகழப்பெறும் உஸ்தாத் காசிம் அம்மரபில் வந்தவர். உஸ்தாத் சராஹங், பாட்டியாலா மரபில் இந்துஸ்தானி இசை பயின்றவர். ரபாப் மேதை உஸ்தாத் முகமது உமர் 1974இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வாசித்தபோது, உடன் தபேலா வாசித்தவர் இளைஞரான ஜாகிர் உசேன்.

இம்மரபு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. ஆசிரியர் வாசிக்க, மாணவர் கேட்டுக் கேட்டுக் கைக்கொள்வதே முறை. ஆகவே ஒரு தலைமுறை வாய்மூடி இருக்க நேர்ந்தால், அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அந்த ஆபத்து இருமுறை நேர்ந்தது. 1990களின் உள்நாட்டுப் போரில் காராபாத் இடிபாடாயிற்று. கலைஞர் பலர் பெஷாவர் சென்று சேர்ந்தனர். 1996 முதல் 2001 வரை ஆண்ட தாலிபான்கள் இசையைத் தடைசெய்தனர். பறிமுதல் செய்யப்பட்ட ஒலிநாடாக்கள் உருவப்பட்டு, சோதனைச் சாவடிகளில் தோரணம்போலத் தொங்கவிடப்பட்டன.

அந்த வெறுமையை நிரப்ப முன்வந்தவர் அகமது சர்மஸ்த். இசையமைப்பாளர் சலீம் சர்மஸ்தின் மகனான இவர், ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். 2010இல் காபூலில் ஆப்கானிஸ்தான் தேசிய இசைக்கழகத்தைத் தொடங்கினார். ஆண்களும் பெண்களும் அங்கே ஒன்றாகப் பயின்றனர். ஆதரவற்ற சிறுவர்க்கும் தெருவில் பொருள் விற்றுத் திரிந்த சிறுவர்க்கும் இடம் ஒதுக்கப்பட்டது. ரபாபும் சிதாரும் வயலினும் ஒரே கூரையின்கீழ் ஒலித்தன. மகளிர் மட்டுமே அடங்கிய சோரா இசைக்குழுவும் அங்கேதான் உருவாயிற்று. 2017இல் அக்குழு சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் வாசித்தது. பாரசீக இலக்கியத்தில் வரும் இசைத்தேவதையின் பெயரே சோரா.

2014 டிசம்பரில் காபூலில் மாணவர் நிகழ்ச்சியொன்றின்போது தற்கொலைக் குண்டு வெடித்தது. அவையில் அமர்ந்திருந்த சர்மஸ்த் செவித்திறனை இழந்தார். சிகிச்சைக்குப்பின் கேட்கும் ஆற்றல் ஓரளவு மீளவே, அவர் மீண்டும் காபூலுக்கே சென்றார். இசையைக் கற்பிப்பதற்காக இத்துணை விலை கொடுத்த ஆசிரியர் அரியர்.

2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் மீண்டும் தாலிபான்கள் வசமாயிற்று. அதே மாதம் அந்தராப் பள்ளத்தாக்கின் நாட்டுப்புறப் பாடகர் ஃபவாத் அந்தராபி சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டில் இசைக்கருவி இருப்பதே குற்றம் என அஞ்சிய பலர், தம் கருவிகளை ஒளித்தனர். சிலர் தாமே உடைத்தனர். இசைக்கழகத்தின் மாணவர், ஆசிரியர், உறவினர் என 273 பேர் தோகா வழியாக வெளியேறி, அவ்வாண்டு டிசம்பருக்குள் போர்ச்சுகலை அடைந்தனர். இன்று அக்கழகம் அந்நாட்டின் பிராகா நகரில் இயங்குகிறது. நாட்டிலோ, 2023 ஜூலையில் ஹேராத்தில் இசைக்கருவிகள் தீயிட்டுக் கொளுத்தப்பட்டன.

உயிர் தப்பியதால் மட்டும் கலை தப்பிவிடுமா? புகலிடம் பெற்ற கலைஞர் புதிய மொழியைக் கற்க வேண்டும். பிழைப்புக்கு வேறு தொழில் தேட வேண்டும். பயணத்திற்கு அயல்நாட்டு அலுவலகங்களின் இசைவை எதிர்நோக்க வேண்டும். 2024இல் இக்கழகத்தின் இளையோர் குழுவிற்குப் பிரிட்டன் முதலில் நுழைவிசைவு மறுத்தது. எதிர்ப்பு எழுந்தபின்னரே வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தனர். டிசம்பரில், ரபாபைச் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் யுனெஸ்கோ மானுடத்தின் கலாசார மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அதனை முன்மொழிந்த நான்கு நாடுகளுள் ஆப்கானிஸ்தானும் ஒன்று.

பழைய வானொலிப் பதிவுகளைக் காத்தல் முதற்பணி. எனினும் பதிவு ஒலியைக் காக்குமேயன்றி, தவறாக மீட்டும் விரலைத் திருத்தாது. அதற்கு ஆசிரியர் எதிரே அமர வேண்டும். அவருக்கு ஊதியமும் உறைவிடமும் வேண்டும். பிராகாவில் தொடர்ந்து நடப்பது அவ்வகுப்புதான்.

பயிற்சி
1. காராபாத் எவ்வாறு இசைக்குடும்பங்களின் தெருவாயிற்று?
2. ஏட்டில் எழுதப்படாத இசைமரபு எளிதில் அழிவதற்குக் காரணம் யாது?
3. ‘உயிர் தப்பியதால் மட்டும் கலை தப்பிவிடுமா?’ – பாடத்தின் துணைகொண்டு விடை எழுதுக.
4. உமது பகுதியில் கேட்டுக் கற்கும் முறையில் வழங்கும் கலையொன்றினைப் பற்றி, அக்கலைஞரிடம் கேட்டறிந்து பத்து வரிகள் எழுதுக.